சங்கிலி ரம்பமும் அதன் பார் நீளமும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள நிலப்பகுதி இன்று மோட்டார்த் தொழிலால் பெயர் பெற்றது. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஆயினும் ஆலை மதில்களுக்கு அப்பால் ஏரிகளும் நெல் வயல்களும் சவுக்குத் தோப்புகளும் இன்னும் இருக்கின்றன. காஞ்சீபுரத்தை நோக்கிச் செல்லச் செல்லத் தறியோசையும் கேட்கிறது. பயிரிடுவோர்க்குச் சவுக்கு ஒரு பணப்பயிர். பட்டு நூலின் பசை நீக்கவும் சாயமிடவும் கொதிநீர் வேண்டுமாதலால் நெசவாளர்க்கு விறகு ஒரு மூலப்பொருள். எனவே மரம் அறுத்தல் என்பது நம் அங்கத்தினர் இரு சாராருக்கும் உரிய காரியமே.

முன்னாளில் கோடரியும் இருவர் இழுக்கும் ரம்பமும் செய்த வேலையை இப்போது சங்கிலி ரம்பம் செய்கிறது. ஆலை வேலைக்குப் பலர் சென்றுவிட்டமையால் மரம் வெட்ட ஆள் கிடைப்பது அரிதாயிற்று. இயந்திரத்தின் தேவையும் கூடிற்று. ஆனால் அதை வாங்குவோர் பலரும் கடையில் முதலில் கேட்பது, “உள்ளதிலே பெரியது எது?” என்பதுதான். அக்கேள்வியே பாதிச் செலவுக்கும் பாதி விபத்துக்கும் வழிகோலுகிறது. ஆகவே எந்த மரத்திற்கு எந்த ரம்பம், எவ்வளவு நீளம், எப்படிக் கையாளுவது என்பவற்றை இப்பாடத்தில் ஒழுங்காகக் கற்போம்.

ரம்பம் வந்த வரலாறு

ஜெர்மனி தேசத்து ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தையும், 1929-இல் பெட்ரோலால் இயங்கும் ரம்பத்தையும் செய்தார். அவை இருவர் தூக்க வேண்டிய பாரமான பொறிகள். சங்கிலியின் பற்களும் அக்காலத்தில் கைரம்பத்தின் பற்களைப் போலவே இருந்தன. அவை மரத்தைச் சுரண்டினவேயன்றிச் செதுக்கவில்லை. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ் என்னும் மரவெட்டி, அடிக்கட்டை ஒன்றைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டின் புழுவைக் கூர்ந்து நோக்கினார். அப்புழு தன் தாடைகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் செதுக்கி வழி செய்வதைக் கண்டார். அதைப் பின்பற்றி, இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வரும் சங்கிலியை அமைத்து 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சங்கிலிகள் யாவும் அவ்வமைப்பின் வழிவந்தவையே. பல் செதுக்க வேண்டும் என்பதை நினைவிற் கொள்க. பின்னர் அரம் போடுவதைப் பற்றிச் சொல்லும்போது இது பயன்படும்.

சுற்றளவிலிருந்து நீளம்

சங்கிலி ஓடும் நீண்ட தகட்டைக் கடைக்காரர்கள் ‘பார்’ என்பர். நாமும் அவ்வாறே வழங்குவோம். பாரின் நீளம் என்று குறிப்பது, இயந்திரத்தின் உடலுக்கு வெளியே நீண்டு மரத்தை அறுக்கக்கூடிய பகுதியையே. உள்ளே மறைந்திருக்கும் பகுதி கணக்கில் சேராது. 12, 14, 16, 18, 20, 24 அங்குலப் பார்கள் வழக்கத்தில் உள்ளன.

நாம் மரத்தைக் கயிற்றால் சுற்றி அளப்பவர்கள். பாருக்கு வேண்டியதோ குறுக்களவு. சுற்றளவை 7-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் குறுக்களவு கிடைக்கும். மனக்கணக்காக மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டாலும் பெரும்பிழை இல்லை. பார் அக்குறுக்களவைவிட இரண்டு அங்குலமாவது நீண்டிருந்தால் ஒரே பக்கத்தில் நின்று வசதியாக அறுக்கலாம். பழகிய கைகள் இரு பக்கமும் மாறி நின்று, பாரின் நீளத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு குறுக்களவுள்ள மரத்தையும் அறுத்துவிடும்.

எடுத்துக்காட்டாகச் சிலவற்றைக் கணக்கிடுவோம். நான்கைந்து ஆண்டில் வெட்டும் சவுக்கின் அடிச் சுற்றளவு ஒன்றரை அடி, அதாவது 18 அங்குலம் எனக் கொள்வோம். குறுக்களவு 6 அங்குலத்திற்கும் சற்றுக் குறைவு. 12 அங்குலப் பாரே மிகுதி. வீட்டுப் புறக்கடை வேம்பின் சுற்றளவு 42 அங்குலமானால் குறுக்களவு ஏறத்தாழ 13½ அங்குலம். 16 அங்குலப் பார் போதும். சாலையோரத்துப் பழம்புளியின் சுற்றளவு 90 அங்குலம் இருக்கலாம்; குறுக்களவு 28½ அங்குலத்தை அடுத்து வரும். இதற்கு 30 அங்குலப் பார் வாங்க வேண்டுமோ என்றால், வேண்டுவதில்லை. 18 அங்குலப் பாரைக்கொண்டு இருபுறமும் நின்று அறுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் புளியமரத்தை எண்ணி, நாள்தோறும் அறுக்கும் சவுக்குக்கு நீண்ட பாரைச் சுமப்பது, ஆளுக்கும் பொருளுக்கும் நட்டம்.

நீளமும் சக்தியும்

பார் நீண்டால் ஒரே நேரத்தில் மரத்தைக் கவ்வும் பற்கள் கூடுகின்றன. அவற்றை இழுக்க எஞ்சினுக்குச் சக்தி வேண்டும். சிறிய எஞ்சினில் நீண்ட பாரை மாட்டினால் சங்கிலியின் வேகம் தளரும், வேலை செய்பவர் பொறுமை இழந்து ரம்பத்தை அழுத்துவார், அழுத்தினால் பாரும் சங்கிலியும் சூடேறித் தேயும், எஞ்சினும் கெடும். பொதுவாக 30 முதல் 40 சி.சி. வரையுள்ள எஞ்சினுக்கு 12 முதல் 16 அங்குலமும், 45 முதல் 55 சி.சி. வரை 16 முதல் 20 அங்குலமும், 60 முதல் 70 சி.சி. வரை 20 முதல் 24 அங்குலமும் பொருந்தும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்துள்ள கையேட்டில் ஏற்ற நீளங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் நடுவிலுள்ளதைத் தேர்வது நலம். நம் மரங்களாகிய சவுக்கு, புளி, கருவேல் ஆகியவை மிகக் கடினமானவை. அவற்றை அறுப்போர், கையேடு அனுமதிக்கும் உச்ச நீளத்தைவிட ஒருபடி குறைவான பாரை மாட்டினால் வேலை விரைந்து முடியும்.

சங்கிலி வாங்கும்போது நீளத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. மூன்று எண்களைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, கண்ணிகளின் இடைவெளி. அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் தூரத்தில் பாதியே இது. எட்டில் மூன்று அங்குலம், 0.325 அங்குலம் என்பன பெரும்பாலும் காணப்படுபவை. இரண்டாவது, பாரின் பள்ளத்துள் ஓடும் கண்ணியின் கனம்; 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என வரும். மூன்றாவது, அவ்வாறு பள்ளத்துள் ஓடும் கண்ணிகளின் மொத்த எண்ணிக்கை. இம்மூன்றும் பாரோடும் பல்சக்கரத்தோடும் ஒத்திருந்தால்தான் சங்கிலி பொருந்தும். இவ்வெண்களை இயந்திரப் பெட்டியின் மேல் சாயத்தால் எழுதி வைப்பது நல்ல வழக்கம்.

எதிர் உதை

சங்கிலி ரம்பத்தின் முழு ஆபத்தும் பாரின் மூக்கில் அடங்கியிருக்கிறது. முழு வேகத்தில் சங்கிலி விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் தூரம் ஓடுகிறது. மூக்கின் மேற்பாதி மற்றொரு கிளையிலோ கட்டையிலோ பட்டுவிட்டால், பற்கள் அங்கே மாட்டிக்கொள்ள, அந்த வேகம் முழுவதும் ரம்பத்தையே மேல்நோக்கியும் பின்னோக்கியும் எறிகிறது. கண் இமைப்பதற்குள் பார் முகத்தையோ கழுத்தையோ அடைந்துவிடும். இதையே எதிர் உதை என்கிறோம். எத்துணை வலியவரும் இதைக் கைவலியால் தடுத்தல் இயலாது. தடுக்க வல்லவை முறைகளே:

1. இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். இடக்கைக் கட்டைவிரல் முன்பிடியின் கீழாகச் சுற்றிப் பற்றியிருத்தல் வேண்டும்.

2. முன்பிடிக்கு முன்னுள்ள கைக்காப்பு, சங்கிலித் தடையை இயக்குவது. வேலை தொடங்குமுன் அத்தடையைச் சோதிக்க வேண்டும். அது பழுதுற்ற ரம்பத்தை அன்று எடுக்கலாகாது.

3. தோளுக்கு மேல் உயர்த்தி அறுக்கலாகாது. ஏணி மேல் நின்று அறுக்கவே கூடாது.

4. பாரின் நேர்க்கோட்டில் தலை இராதபடி சற்று ஒதுங்கி நிற்க வேண்டும்.

5. மூக்கு எங்கே இருக்கிறது என்பதை எப்பொழுதும் அறிந்திருக்க வேண்டும். வேண்டாத நீளமுள்ள பார் இதனால்தான் தீங்கு பயக்கிறது. அறுக்கும் கட்டைக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு, கண்ணுக்குத் தெரியாத கிளையைத் தேடிச் சென்று தொடுகிறது.

ஏரிகளிலும் புறம்போக்குகளிலும் மண்டிய சீமைக் கருவேலத்தை அறுப்போர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்ற ஆணைகளை ஒட்டிப் பல மாவட்டங்களில் இம்மரத்தை அகற்றும் பணி முனைந்து நடைபெற்றது. இன்றும் அது ஓய்ந்தபாடில்லை. அம்மரம் அடியிலிருந்தே பல தண்டுகளாய்ப் பிரிந்து, முள்ளும் சிறு கிளையும் பின்னிக் கிடப்பது. முதலில் வெட்டரிவாளால் முட்கிளைகளைக் கழித்து, நிற்க இடமும் விலக வழியும் செய்துகொண்டு, பின்னரே 14 அல்லது 16 அங்குலப் பாரோடு அணுக வேண்டும்.

மரத்தைச் சாய்த்தல்

மரத்தை அண்ணாந்து பார்த்தல் முதற்கடமை. எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, காற்று எத்திசை, காய்ந்த கிளை உண்டா, மின்கம்பி அருகில் உளதா என்பவற்றைக் காண்க. மின்கம்பி அருகிலிருந்தால் மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும்வரை காத்திருத்தல் வேண்டும். மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்துள் வேறெவரும் நிற்கலாகாது. விழும் திசைக்கு எதிரே, பின்பக்கமாகக் கோணலாய் விலகிச் செல்லும் வழியைத் துப்புரவாக்க வேண்டும்.

பிறகு விழவேண்டிய பக்கத்தில் குறுக்களவில் நாலில் ஒரு பங்கு ஆழத்திற்கு ஆப்பு வடிவமாக ஒரு வாய் வெட்டுக. அடுத்து எதிர்ப்பக்கத்தில், அவ்வாயின் அடிக்கோட்டுக்குச் சற்று மேலாகப் பின்வெட்டைத் தொடங்குக. பின்வெட்டு வாயைத் தொடுமளவும் போகலாகாது. குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு மரம் நடுவே நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி இது மரத்துக்கு. இதை அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பம்போல் விழும். பின்வெட்டு ஓரளவு சென்றதும் மர ஆப்போ பிளாஸ்டிக் ஆப்போ அடித்து வைத்தால் பார் சிக்காது. இரும்பு ஆப்பு பல்லைக் கெடுக்கும்.

நெருக்கி நட்ட சவுக்குத் தோப்பில் வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்து தொங்கிக்கொள்வது அடிக்கடி நேரும். அப்போது தாங்கி நிற்கும் மரத்தை வெட்டப் போவதும், தொங்கும் மரத்தின் கீழ் நடப்பதும் உயிருக்கு இறுதியாகலாம். தொலைவிலிருந்து கயிறு கட்டி இழுத்தோ, அடியை நெம்புகோலால் புரட்டியோதான் இறக்க வேண்டும். சவுக்கின் அடிக்கட்டையை வேரோடு தோண்டி விறகாக்கும் வழக்கம் உண்டு. மண் படிந்த அவ்வேரில் சங்கிலியை வைத்தல் தகாது. ஒரு நொடி மண்ணில் ஓடினால் பற்கள் மழுங்கிவிடும். அது கோடரிக்கும் கடப்பாரைக்கும் உரிய வேலை.

புயலில் வீழ்ந்த மரங்கள்

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது, சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அத்தகைய நாட்களில் பழக்கமில்லாதவரும் ரம்பத்தைக் கையிலெடுப்பர். வீழ்ந்த மரம் அசைவற்றுக் கிடப்பதாகத் தோன்றினாலும், வளைத்த வில்லைப்போல் இறுகிக் கிடப்பது. வளைவின் உட்பக்கம் அமுங்கியும் வெளிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். முதலில் அமுங்கிய பக்கத்தில் ஆழமின்றிச் சிறிது அறுத்து, பின் இழுபட்ட பக்கத்திலிருந்து மெல்ல அறுத்து முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டை பிளந்து பாயும். வேரோடு பெயர்ந்த மரத்தில் மற்றொன்றும் உண்டு: தண்டை அறுத்தவுடன் மண்ணோடு நின்ற வேர்த்தட்டு மீண்டும் குழியுள் நிமிர்ந்து விழக்கூடும். அக்குழியருகே எவரையும், சிறப்பாகக் குழந்தைகளை, நிற்க விடலாகாது.

எண்ணெயும் அரமும்

பெரும்பாலான பெட்ரோல் ரம்பங்கள் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் உடையவை. பெட்ரோலோடு எண்ணெய் கலந்தே ஊற்ற வேண்டும். கையேடு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். 25-க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டை எட்டியுள்ளது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும்; ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். ஆகையால் வாங்கும்முன்பே, இவ்வியந்திரம் எவ்வளவு எத்தனாலைத் தாங்கும் என்று கையேட்டில் பார்ப்பது இன்றியமையாதது. கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் சேமித்தல் தவறு. வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து வைக்க வேண்டும்.

பாருக்கு ஊற்றும் எண்ணெய் வேறு. ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் அதையும் நிரப்புக. மோட்டார் வண்டியின் பழைய கழிவெண்ணெயை ஊற்றுவது சிக்கனம்போல் தோன்றும். அதிலுள்ள இரும்புத் துகள் எண்ணெய்ப் பம்பையும் பாரையும் தின்றுவிடும். மூக்கை ஒரு வெளிறிய கட்டையின் மேல் தொடாமல் நீட்டி வேகம் கூட்டினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிடில் எண்ணெய் வரவில்லை என்று பொருள்.

கூரான பல், மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவாகப் பொடிக்கும். மாவு விழக் கண்டதும் நிறுத்தி அரம் போடுக. 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். சிறு ரம்பங்களின் தாழ்ந்த வகைச் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர். பொதுவாக 30 பாகைக் கோணத்தில், உள்ளிருந்து வெளிநோக்கி, எல்லாப் பற்களுக்கும் ஒரே அளவு தடவை இழுக்க வேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையானால் ரம்பம் கோணலாக ஓடும். பல்லுக்கு முன்னுள்ள சிறு மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை வரையறுப்பது. அது பல்லைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருத்தல் போதும். விரைந்து அறுக்கும் ஆசையால் அதை மிகுதியாகத் தேய்ப்பவர், எதிர் உதையைத் தாமே வரவழைக்கிறார். அரம் போடும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இருபுறமும் சமமாகத் தேயும்.

பலகையும் பெட்டி மரமும்

சங்கிலி ரம்பத்தால் பலகை அறுக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். ஓர் அறுப்புக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் மரம் தூளாகிறது. 25 மில்லிமீட்டர்ப் பலகை பத்து எடுக்க ஒன்பது அறுப்பு. தூளாவது 72 மில்லிமீட்டர். ஏறத்தாழ மூன்று பலகை மரம் மண்ணில் போகிறது. தறிக்கோ கதவுக்கோ பலகை வேண்டுவோர் மரத்தை அறுவை ஆலைக்கு அனுப்புவதே சிக்கனம்.

ஆலைகளிலிருந்து கழிந்து வரும் சுமைத்தட்டுகளும் பெட்டிமரங்களும் இப்பகுதியில் விறகாக விலைக்கு வருகின்றன. அவை ஆணி நிறைந்தவை. ஆணியில் பட்ட பல் உடைந்து தெறிக்கும். ஆணி பிடுங்கியும் கைரம்பமுமே அவற்றுக்குத் தக்கவை. அயல்நாட்டுப் பெட்டிகளில் பூச்சி நீக்கிய முத்திரை இருக்கும். ‘எச்.டி.’ என்பது மரத்தின் உட்புறம் 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதைக் குறிக்கும். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்னும் நச்சுவாயு இடப்பட்டது. அதை அடுப்பில் எரிக்காது விலக்குதல் நன்று.

உடலே மூலதனம்

ரம்பத்தின் ஓசை 100 டெசிபலுக்கு மேற்பட்டது. செவியடைப்பு இன்றி நாளெல்லாம் நின்றால் கேள்வி குன்றும். கண்ணாடி, தலைக்கவசம், கெட்டி முனையுள்ள பூட்சு, சங்கிலி பட்டால் நார் பிரிந்து பல்சக்கரத்தை நிறுத்தும் காற்காப்பு ஆகியவை வேண்டும். வெப்பத்தை நினைத்து லுங்கியும் செருப்புமாக ரம்பம் பிடிப்பவரை நாம் எங்கும் காண்கிறோம். வெயில் தாழ்ந்த காலையில் வேலை செய்து, இடையிடையே இளைப்பாறினால் கவசத்தைத் தாங்கலாம்.

நெசவாளர்க்கு ஒரு தனிச்சொல். இயந்திர அதிர்ச்சி நாளடைவில் விரல் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் கெடுக்கும். குளிர் நாடுகளில் விரல் வெளுத்துப்போகும். நம் வெப்ப நாட்டில் மரத்துப்போதலும் குறுகுறுப்புமாகத் தோன்றும். அறுந்த பட்டிழையைத் தடவி அறிந்து பிணைக்கும் விரலுக்கு இது சிறு குறை அன்று. அதிர்ச்சி தாங்கும் பிடியுள்ள ரம்பத்தையே தேர்க; ஒருவரே நாள் முழுவதும் பிடிக்காமல் மாறி மாறிப் பிடிக்க.

சங்கம் வாங்குவதாயின்

நெல்லும் சவுக்கும் பயிரிடும் ஊரில் ஒரு சங்கம் பொது ரம்பம் வாங்க எண்ணினால், 50 சி.சி. அளவுள்ள ஓர் இயந்திரமும், 16 அங்குலப் பாரும், மாற்றிக்கொள்ள ஒரு 18 அங்குலப் பாரும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சங்கிலிகளும் ஊர்த் தேவை ஏறக்குறைய அனைத்தையும் நிறைவேற்றும். 24 அங்குலப் பாருக்காகும் மிகுதிப் பணத்தைக் காற்காப்புக்கும் தலைக்கவசத்துக்கும் செலவிடுக. கவசம் ரம்பத்தோடு ஒரே பெட்டியில் இருக்கட்டும். ஒன்றின்றி மற்றொன்றை வெளியே கொடுக்கலாகாது என்று தீர்மானம் இயற்றுக. பயிற்சி பெற்ற இருவர் பெயரைக் குறித்து, அவர்களிடமே கொடுக்க. எடுத்த நாள், மணி, அரம் போட்ட விவரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுக. சாலையோரம், ஏரிக்கரை, புறம்போக்கு மரங்களை உரிய அதிகாரியின் அனுமதியின்றித் தொடலாகாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டமையும் நினைவிலிருக்கட்டும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. சுற்றளவு 66 அங்குலமுள்ள மாமரத்தின் குறுக்களவு என்ன? 16 அங்குலப் பாரால் அதை அறுக்க இயலுமா?

2. 35 சி.சி. எஞ்சினில் 20 அங்குலப் பார் மாட்டினால் நேரும் குறைகள் யாவை?

3. கீல் மரத்தை முழுதும் அறுத்துவிட்டால் என்ன நேரும்?

4. நம் சங்கத்து அங்கத்தினர் சென்ற ஆண்டு அறுத்த மரங்களின் சுற்றளவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்குப் போதுமான மிகக் குறைந்த பார் நீளத்தைக் கண்டறிக. அந்தப் பட்டியலைக் கையிலெடுத்துக்கொண்டு கடைக்குச் செல்க.